வினாகிரி றாஹிலா

கல்முனைக்குடியில் றாஹிலா வீடு எது என்று கேட்டால், எந்த றாஹிலா என்பார்கள். வினாகிரி றாஹிலா என்று சொன்னால் உடனே கடற்கரைப் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். ஊர் ஆசையாக வைத்த பெயர்தான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். ஏனென்று அவளுக்கும் தங்கச்சி சுபைறாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

உம்மா சீதனமாகப் பிரித்துக் கொடுத்த ஒரே வளவில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. நடுவில் தென்னோலையில் பின்னிய ஒரு கிடுகு வேலி. அந்த வேலியில் றாஹிலாவின் கண்ணளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அது தானாக விழுந்த ஓட்டை அல்ல. தங்கச்சியின் நிறத்தை அவள் பொறுத்துக்கொண்டாள். தங்கச்சியின் புருஷன் சவூதியிலிருந்து அனுப்பிய றேடியோவையும் ஒருமாதிரிப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அந்த வினாகிரியைத்தான்.

கொப்பரா காயவைக்கும் வாடியில் வீணாகப் போகும் தேங்காய்த் தண்ணீரைக் கொண்டுவந்து, சீனி போட்டு, சாடியில் காடியாகப் புளிக்க வைப்பாள் சுபைறா. ஊரில் யார் வீட்டுக் கலியாணம் என்றாலும் அச்சாறுக்கு அவளுடைய வினாகிரிதான். சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் புரியாணியை விட்டுவிட்டு அச்சாறைப் பற்றியே கதைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் றாஹிலா அச்சாறைத் தொடவே மாட்டாள்.

எண்பத்திரண்டில் மூத்த மகள் சரீபாவுக்குச் சம்மாந்துறையில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். தன் மகள் கலியாணத்தில் தன் கை வினாகிரிதான் என்று றாஹிலா அன்றைக்கே முடிவெடுத்தாள். சுபைறாவின் அச்சாறு என்ற பேச்சே அவள் முற்றத்தில் எழக்கூடாது.

கேட்டிருந்தால் தங்கச்சி சொல்லிக் கொடுத்திருப்பாள். கேட்டால்தானே. றாஹிலா ஓட்டை வழியே பார்த்துத்தான் படித்தாள். சுபைறா சாடிக்கு மூடி போடுவதில்லை. பழைய மருதமுனைச் சாறனில் கிழித்த துணியை வாயில் கட்டிவிடுவாள். இடையிடையே துணியை அவிழ்த்து, தேத்தண்ணி ஆற்றுவதுபோல் ஒரு சாடியிலிருந்து மற்றச் சாடிக்கு உயர்த்தி ஊற்றுவாள்.

"சோம்பேறி. தூசி விழும், கொசு விழும், ஒரு மூடி போட ஏலாது. இதத்தான் ஊரே நக்குது" என்று றாஹிலா தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அவள் வேலை சுத்தமான வேலை. சாடி வாயில் பொலித்தீனை இரட்டையாக விரித்து, சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டி, சாமான் அறையில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். மணம் வேலி தாண்டினால் தங்கச்சிக்குத் தெரிந்துவிடும் என்ற பயமும் இருந்தது. புருஷன் பதியுதீனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

கலியாணத்தன்று காலையில் பெண்கள் வெங்காயம் உரித்துக் குவித்துவிட்டு வினாகிரிக்குக் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஆசியா உம்மா முன்கூட்டியே வந்து நடுவீட்டில் பாயில் உட்கார்ந்திருந்தார். றாஹிலா சாமான் அறைக்குள் போய் ரியூப்பை அவிழ்த்தாள். புடைத்து நின்ற பொலித்தீன் டப்பென்று பிய்ந்தது. நுரை பொங்கி அவள் கையில் வழிந்தது. கூடவே மணம் எழும்பியது. மெயின் றோட்டுக் கள்ளுத் தவறணையைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்துவாளே, அதே மணம்.

கலியாண வீட்டுக்குள் கள்ளு. ஆசியா உம்மாவின் மூக்குக்கு இது எட்டினால் மாப்பிள்ளை சம்மாந்துறையிலிருந்து புறப்படவே மாட்டான்.

பின்கதவால் உள்ளே வந்த சுபைறா ஒருதரம் மூக்கை உறிஞ்சினாள்.

"வாய இறுக்கிக் கட்டிட்டீங்களா ராத்தா?"

றாஹிலா தலையாட்டினாள்.

"காத்துப் படாட்டி அது வினாகிரி ஆகாது. கள்ளாத்தான் நிக்கும். என்னட்டக் கேட்டிருக்கலாமே."

சுபைறா சாடியைத் தூக்கிக்கொண்டு வேலி இடுக்குப் பொட்டால் நுழைந்து போய்க் குப்பைக் குழியில் ஊற்றினாள். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் இருந்தது அவளுடைய சாடி. றாஹிலா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன புள்ள, இந்த நேரத்தில சாம்பிராணி?" என்று பதியுதீன் எட்டிப் பார்த்தான்.

"கலியாண வீடுதானே" என்றாள்.

பகல் சாப்பாட்டில் ஆசியா உம்மா அச்சாறை வாயில் போட்டுக்கொண்டு, "இந்த வினாகிரி ஆரு போட்டது?" என்று கேட்டார். சுபைறா முந்திக்கொண்டாள்.

"எங்கட ராத்தா போட்டது மாமி."

அத்தனை பெண்களும் திரும்பி றாஹிலாவைப் பார்த்தார்கள். எத்தனை காலம் அவள் ஏங்கிக் கிடந்த பார்வை அது. அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் பெயர்.

பிறகு ஆட்கள் தேடி வர வர, வேறு வழியில்லாமல் அவள் உண்மையாகவே பழகிக்கொண்டாள். துணி கட்டி, காற்றுப் பட விட்டு, உயர்த்தி ஊற்றி, இப்போது அவள் போடுவது தங்கச்சி போட்டதை விடவும் திறம். சுபைறா போடுவதையே விட்டுவிட்டாள். வருகிறவர்களை, "ராத்தாட்டப் போங்க" என்று அனுப்பிவிடுவாள்.

றாஹிலா இன்னும் அந்த ஓட்டையை அடைக்கவில்லை. அந்தப் பக்கம் தங்கச்சி பாயைப் போட்டுச் சாய்ந்தபடி றேடியோ கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பெயரை அவளிடமிருந்து பறித்திருந்தால் றாஹிலாவுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும். தங்கச்சி அதைத் தானாகவே தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.