ஆரல்வாய்மொழிக் காற்று

ஸ்ரீவராகம் தெருவிலேயே வேகமான கார் நாகேஸ்வரன் வீட்டு வாசலில்தான் நின்றது. அந்தத் தெருவில் கார் ஓட்டத் தெரியாத ஒரே ஆண்பிள்ளையும் அவர்தான். இருபத்தைந்து வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று டிரைவிங் ஸ்கூல் மாருதியைக் கோயில் குளத்தின் மூன்றாவது படி வரைக்கும் இறக்கிவிட்டார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைக் கண்டாலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொள்வார். அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஏஜீஸ் ஆபீஸில் வேலை, அங்கேயும் பஸ்ஸில்தான் போய் வந்தார்.

கார் அவருடைய மனைவி ஸ்ரீலக்ஷ்மியுடையது. தென்காசிப் பெண். கழக்கூட்டத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பு. ஆபீஸ் போக வர ஒரு சாதாரணக் கார் வைத்திருந்தாள். அது போதாதென்று நாற்பது வயதில், கொச்சியில் ஒரு பல் டாக்டர் ஓட்டிச் சலித்த ஜெர்மன் வண்டியைத் தேடிப்பிடித்து வாங்கினாள். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, படுத்துண்டே போகணுமா?" என்று கேட்டாள். "பிள்ளைகுட்டி இல்லாத ஆத்துக்கு ரெண்டு சீட்டு தாராளம் மாமி" என்று சொல்லி ஸ்ரீலக்ஷ்மி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நாகேஸ்வரன் சேர்ந்துகொள்ளவில்லை.

வண்டிக்குப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டார்கள். நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து, அவர் தேங்காய் உடைத்தார். சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு அவள் சன்னிதியைப் பார்த்து நின்றபடி சொன்னாள்: "இந்த வண்டியில நீங்கோ இடது பக்கம் இல்லாம நான் ஏற மாட்டேன். இது பிள்ளையார் சாட்சியாச் சொல்றேனாக்கும்." அவர் ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தார். ஆனால் அந்தப் பிள்ளையார் முன்னால் சொன்ன சொல்லை ஊரின் பழைய கோட்டைக்குள் பிறந்து வளர்ந்தவர்களும் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களும் லேசில் மீறமாட்டார்கள். அவருக்குக் காய்ச்சல் என்றால் சிவப்பு வண்டியும் போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் கிடந்தது.

சனிக்கிழமை விடிந்தால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ரோடெல்லாம் டூரிஸ்ட் கூட்டம் என்று அவள் அந்த வண்டியைத் தொடவே மாட்டாள். ஒவ்வொரு பக்கமாகப் போய், எந்தச் சீமை ஓட்டுவதற்குச் சுகம் என்று பார்த்து மார்க் போடுவதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. மற்றவர்கள் சினிமாவைப் பற்றிச் சண்டை போடுவார்கள். இவர்கள் ரோட்டைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

பொன்முடி அவருக்குப் பிடித்தது. மூடுபனி, ஏலக்காய் டீ, கொண்டை ஊசி வளைவுகள். "கைக்கு வேலை இருக்கு, மறுக்கல" என்பாள் அவள். "ஆனா மூணாவது வளைவுல ஒரு டூரிஸ்ட் பஸ் முன்னால வந்துடுத்துன்னா அப்புறம் அதோட முதுகைத்தான் பாத்துண்டு போகணும். ஆறு மார்க்." ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டை இறங்குவதற்கு எட்டு. அங்கே மரநிழலில் வளைந்து வளைந்து வந்து, கடைசி வளைவு திரும்பியதும் புளியரை வயல்கள் மொத்தமாகக் கண்ணில் விழும். அந்த இடத்தில் அவள் தன்னை அறியாமல் கியரைக் குறைத்துவிடுவாள். "இது பிறந்தகத்துப் பாசம், மார்க்ல ஒண்ணு குறை" என்று அவர் சீண்டுவார். வாகமண்ணுக்கு ஏழரை. மூணாறிலிருந்து போடி இறங்குகிற மலைக்கும் ஏழரை. விழிஞ்ஞம், பூவார் என்று கடலோரமாகப் போனதற்கு இரண்டுதான். அடிக்கு ஒரு வேகத்தடை, வண்டியின் அடிவயிறு உரசாத இடமே இல்லை.

போனக்காட்டுக்குப் போனது பைத்தியக்காரத்தனம். எஸ்டேட் ரோட்டில் ஒரு பாறையின் மேல் வண்டி உட்கார்ந்துகொண்டது. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் பேச்சிமுத்து நாலு ஆட்களைக் கூட்டிவந்து தூக்கிவிட்டார். "ஜீப்புக்கே இங்க இடுப்பு களண்டுருது. நீங்க இதுல ஊந்து வந்திருக்கீயளேம்மா" என்று அவர் சொன்னதைச் சொல்லிச் சொல்லி இருவரும் வீடு வரைக்கும் சிரித்தார்கள். பூஜ்யம் மார்க். ஆனால் அத்தனை சந்தோஷமான சனிக்கிழமை நாகேஸ்வரனுக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

ஒரே ஒரு சீமைக்கு மட்டும் அவள் மார்க் போடவில்லை. நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு என்று போகிற நேர்ச்சாலை. அதில் எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள், ஆனால் எல்லாம் தை, மாசியில். "காத்தில்லாத ஆரல்வாய்மொழியைக் கணக்குல சேக்கப்படாது" என்பாள். ஆனி, ஆடியில் மலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் காற்று புகுந்து, காற்றாலைகள் எல்லாம் சுற்றும்போது, கனமில்லாத தாழ்ந்த வண்டியை அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. "வளைவு கண்ணுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். காத்து கண்ணுக்குத் தெரியாதே. ஸ்டியரிங்ல கை வெச்சிருக்கறவாளுக்கு மட்டும்தான் தெரியும்." ஒவ்வொரு ஆடியிலும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வருஷம் அவளுக்கு ஆபீஸில் நெருக்கடி, ஒரு வருஷம் அவருக்குக் கண் ஆபரேஷன். போகட்டும், அடுத்த ஆடி எங்கே ஓடிப்போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் சித்திரையில் அவளுடைய வலது கால் செருப்பு அடிக்கடி கழன்று விழுந்தது. செருப்பை மாற்றினாள். புதுச் செருப்பும் கழன்றது. பரிசோதனைகள் எல்லாம் முடிந்து டாக்டர் ஆஷா இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். நரம்பு நோய். காலில் தொடங்கியிருக்கிறது, மேலே ஏறும். மெதுவாக்க மருந்து உண்டு, நிறுத்த மருந்து கிடையாது. ஸ்ரீலக்ஷ்மி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: வண்டி ஓட்டலாமா? இப்போதைக்குக் காலில் பலம் இருக்கிறது, ஓட்டலாம், பலம் குறைகிறது என்று தெரிந்த அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்றாள் டாக்டர்.

வீட்டுக்கு வந்து நாகேஸ்வரன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். அழுது முடித்து, ஆண்பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற மாதிரி, துக்கத்துக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தார். அவள் கால் ஓய்ந்துபோனால் அவளை எங்கும் கூட்டிப்போகத் தான் தயாராக இருக்க வேண்டும். முதல் பயணம் ஆரல்வாய்மொழிக்கு, ஆடிக் காற்றில். அதுவரை மூச்சு விடக்கூடாது. அவள் மூக்கின் மேல் விரல் வைக்க வேண்டும். குளத்துப் படியில் வண்டியை இறக்கியவர் இதற்கெல்லாம் திட்டம் போட்டார்.

பேட்டையில் விஜய்குமார் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். ஆபீஸ் நாளில் முடியாது என்பதால் சனிக்கிழமை வகுப்பு. வீட்டில், ஆபீஸில் ஆடிட் என்று சொன்னார்.

ஆனி பிறந்தது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் காபியை ஆற்றிக்கொண்டே அவள் கேட்டாள்: "ஏன்னா, முப்பந்தல்ல காத்து ஆரம்பிச்சாச்சாம். சனிக்கிழமை போலாமா?"

"இந்தச் சனி ஆடிட் இருக்கே லக்ஷ்மி."

"ஷெரி. அடுத்த சனி?"

"பாக்கலாம்."

அடுத்த சனிக்கிழமையும் ஆடிட். அதற்கடுத்ததும் ஆடிட். கெஞ்சிக் கேட்பது அவள் சுபாவத்தில் கிடையாது. சனிக்கிழமை காலையில் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, சிவப்பு வண்டியின் போர்வையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவர் தெருமுனை திரும்பியதும் மறுபடி போர்த்திவிடுவாள். ஏறி உட்கார்ந்து தானே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பிள்ளையார் முன்னால் கொடுத்த வாக்கு. நாகேஸ்வரனோ பேட்டையில் எட்டுப் போட்டுப் பழகிக்கொண்டே, கொஞ்சம் பொறு, உனக்கு ஒரு அதிசயம் வைத்திருக்கிறேன் என்று மனதுக்குள் அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் காலில் மிச்சமிருந்த பலமெல்லாம் அந்தச் சனிக்கிழமைகளில் தீர்ந்துகொண்டிருந்தது அந்த மனுஷன் புத்திக்கு எட்டவில்லை.

முதல் டெஸ்டில் தோற்று, இரண்டாவதில் தேறி, லைசென்ஸ் கைக்கு வந்த அன்று லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். ஸ்ரீலக்ஷ்மி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் இரண்டு கார்ச் சாவிகளும் கிடந்தன.

"இன்னிக்கு கழக்கூட்டத்துல பிரேக் மேல கால் ஏறல. ஸ்கூட்டர்ல போன ஒரு பொண்ணு தப்பிச்சா. கையால காலைத் தூக்கி வெச்சேன்" என்றாள். "மதி, போதும். இனிமே ஓட்ட மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டிருக்க அவருக்குத் தெரியவில்லை. பையிலிருந்து லைசென்ஸை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "நீ கவலையே படாதே. நான் ஓட்டக் கத்துண்டுட்டேன். நாளைக்கே ஆரல்வாய்மொழி போறோம்."

அவள் அதை எடுத்துப் பார்த்தாள்.

"சனிக்கிழமையெல்லாம் இதுக்கா போனேள்?"

"ஆமாம். உனக்குத் தெரியப்படாதுன்னு…"

வாக்கியத்தின் நடுவிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. போர்வை நீக்கிய வண்டியும் அவள் கையிலிருந்த துணியும் ஒவ்வொரு சனிக்கிழமையாகக் கண்முன் வந்தன. அவளுக்கு ஒரே ஒரு சனிக்கிழமைதான் தேவையாக இருந்தது. இடது பக்கம் சும்மா உட்கார்ந்திருக்க ஓர் ஆள் தேவையாக இருந்தது. வாழ்நாள் முழுக்க அவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது.

"போட்டோல நன்னா இருக்கேள்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. பிறகு லட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி எடுத்துத் தின்றாள்.

அவர் போக வேண்டாம் என்றார். அவள்தான் போகலாம் என்றாள். மறுநாள் காலை அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து இடது சீட்டில் உட்காரவைத்தார். அந்த வண்டியில் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததும், பிள்ளையார் முன்னால் சொன்ன சொல்லை மீறியதும் அதுதான் முதல் தடவை. பெல்ட் எங்கே இருக்கிறதென்று தடவித் தேடினாள். கரமனை தாண்டுவதற்குள் அவர் மூன்று தடவை எஞ்சினை அணைத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் எரிச்சல் இல்லாமல், "கிளட்ச்சை மெதுவா விடுங்கோ" என்றாள். சீறிப் பாய்வதற்கென்றே செய்த வண்டி மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஆட்டோக்களுக்கு வழிவிட்டுக்கொண்டு போயிற்று.

ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்று பிடித்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஸ்டியரிங் அவர் கைக்குள் நடுங்கியது. வண்டி ஒரு பக்கமாக நகர்ந்தது, இழுத்துப் பிடித்தார், விட்டது, மறுபடி நகர்ந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"கையில தெரியறதா?" அவள் சீட்டில் முன்னால் நகர்ந்து கேட்டாள்.

"தெரியறது."

"எப்படி இருக்கு? சொல்லுங்கோ."

அவர் சொல்லத் தேடினார். ஒவ்வொரு ரோட்டுக்கும் அவள் எத்தனை விதமாகச் சொல்வாள்! "பேடியா இருக்கு" என்றார், பயத்துக்கு மலையாளம்தான் வாயில் வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம்… தள்றது."

அவள் வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் ஓரத்தில் வைத்தாள். கையில் அவளுக்கு இன்னும் பலம் இருந்தது.

"நீங்கோ இறுக்கிப் பிடிச்சிண்டிருக்கேள். நேக்கு ஒண்ணும் வரல. துளி விடுங்கோ."

விட வேண்டும் என்றுதான் நினைத்தார். கை கேட்கவில்லை. லாரி பக்கவாட்டில் ஏறி வந்தது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்லை. நேரே பாத்து ஓட்டுங்கோ."

காவல்கிணற்றில் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். வழியெல்லாம் அவர் தன்னைத் திட்டிக்கொண்டே வந்தார். இந்தத் தடவை விட்டுவிடுவேன், விட்டுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே அத்தனை காற்றாலைகளையும் பிடியைத் தளர்த்தாமல் கடந்தார். ஆரல்வாய்மொழி ஊர் தாண்டி, பின்னால் வாகனமில்லை என்று பார்த்து வேகத்தைக் குறைத்தபோதுதான் விரல்கள் கழன்றன.

"லக்ஷ்மி, இப்போ பிடி. நான் விட்டுட்டேன் பாரு."

மலை அதற்குள் காற்றை மறைத்துவிட்டிருந்தது. வேலியோரத்துச் செடிகள்கூட அசையவில்லை. அவள் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒன்றும் இல்லை என்பது பக்கத்திலேயே தொட்டும் தொடாமலும் இருந்த அவர் விரல்களுக்குத் தெரிந்தது.

"நன்னா இருக்கு" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

கண்ணீர் அவர் கண்ணை மறைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தத் தெரியாமல் நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், அவர் அழுது முடிக்கும் வரைக்கும் முன்னால் இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.