ஷிஃப்ட்காரர் வீட்டில் பாட்டு

எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்ததே கிடையாது. நீராவி சீற ஆரம்பிக்கும்போதே ஓடிப்போய் அடுப்பைக் குறைத்துவிடுவேன். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் பழைய சாக்கை மடித்துப் போட்டிருப்பேன். பிள்ளைகள் பேசப் பழகியபோதே கிசுகிசுக்கவும் பழகிவிட்டார்கள். என் கணவருக்கு அருவங்காட்டில் வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட் என்றால் காலையில் வந்து படுப்பவர் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். கல்யாணமாகி நான் குவாட்டர்ஸுக்குள் நுழைந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார்.

"பையன் தூங்கற நேரத்துல ஊட்டுக்குள்ள ஒரு சத்தம் கேக்கக் கூடாது கண்ணு. பாட்டுப் பொட்டியெல்லாம் அவனுக்கு ஆகவே ஆகாது."

பட்டாளத்துக்கு வெடிமருந்து செய்கிற மனுஷனுக்கு என் டேப் ரெக்கார்டர் சத்தம் ஆகாதாம். புதுப்பெண் வேறு என்ன சொல்வாள்? தலையை ஆட்டினேன்.

நான் பாடமாட்டேன், எனக்குக் குரல் கிடையாது. ஆனால் கேட்பேன். ஊட்டியில் காலேஜ் படித்தபோது ரெக்கார்டிங் கடையில் வெற்று கேசட்டைக் கொடுத்து, எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது வரவேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். கடைக்காரர் வரிசையை மாற்றிவிட்டால் சண்டைக்குப் போவேன். சீசனுக்கு வெளியூர் பாண்டுகள் வரும். மற்ற பெண்கள் பாடகரைப் பார்க்க முண்டியடிக்கும்போது நான் ஓரமாக நின்று பேஸ் கித்தார் வாசிப்பவரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்பதையும் ஒரு திறமை என்று யாராவது ஒத்துக்கொண்டால் நான் கெட்டிக்காரிதான்.

அந்தக் கேசட்டுகள் எல்லாம் பிஸ்கட் டின்னில் அடைந்து பீரோவின் அடித்தட்டுக்குப் போயின. நம் ஊர் ஈரத்தில் தோல் செருப்பே வெள்ளை பூத்துவிடும், டேப் எம்மாத்திரம்? மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் திறந்து பார்த்தேன். சுருள் முழுக்கப் பூஞ்சை. டின்னை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டேன். அப்புறம் அதில் கடுகு கொட்டி வைத்தேன்.

மாமியார் போய்ச் சேர்ந்தார். கணவர் ரிட்டயர் ஆனார். குன்னூரில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக் குடிவந்தோம். பெங்களூரில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது அவளுடைய பழைய ஹெட்ஃபோனை விட்டுப் போனாள். பீன்ஸ் அரியும்போது ஒருநாள் அதை மாட்டிக்கொண்டு, போனில் கண்ணில் பட்ட ஒரு ஆல்பத்தை அழுத்தினேன். நாலு பேர் கொண்ட சின்ன பாண்ட், எல்லாம் அவர்களே எழுதிய தமிழ்ப் பாட்டு. மூன்றாவது பாட்டில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, பேஸ் மட்டும் தனியாக நடந்து போனது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாற்றாமல், வாரம் முழுக்கக் கேட்டேன். அப்புறம் இன்னொன்று, அதற்கப்புறம் இன்னொன்று. அவருக்குத் தெரியாமல்தான், காதுக்குள்ளேயே.

நான் முதலில் கேட்ட அந்த பாண்டே குன்னூருக்கு வருகிறது என்று மகள்தான் தகவல் அனுப்பினாள். ஒரு பழைய பங்களாவின் தோட்டத்தில் சாயங்காலக் கச்சேரி. திரும்பி வர பஸ் இருக்காது. வேறு வழியில்லாமல் பயந்துகொண்டே அவரைக் கூப்பிட்டேன். உடனே சரி என்றார். பாதியில் எழுந்து வந்துவிடுவார், நானும் பின்னால் வரவேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

மேடையில் ஒரு பெண் பாடினாள். முதல் அடி விழுந்ததும் டிரம் சத்தம் நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. ஹெட்ஃபோனில் இதெல்லாம் கிடைக்காது. பனி இறங்கி கித்தார்க்காரன் பாதி மறைந்துபோனான், வாசிப்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது. இத்தனை காலம் இது இல்லாமல் எப்படி இருந்தேன் என்று எனக்கே புரியவில்லை. பயந்து பயந்து பக்கத்தில் திரும்பினேன். என் வீட்டுக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தப்பாமல் போட்டார்.

இடைவேளையில் பஜ்ஜி வாங்கித் தந்தார். நல்லா வாசிக்கிறாங்க என்றார். ஃபேக்டரி கிளப்பில் வருஷா வருஷம் ஆர்க்கெஸ்ட்ரா வைப்பார்களாம், செட்டாகப் போய் முதல் வரிசையில் உட்காருவார்களாம், ஒரு வருஷம்கூட விட்டதில்லையாம். கிளப்புக்குச் சீட்டாடப் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் பாட்டே ஆகாதுன்னு அத்தை சொன்னாங்களே" என்றேன்.

"அம்மா அப்படியா சொல்லுச்சு? நான் எப்பச் சொன்னேன்? பக்கத்துல குண்டு வெடிச்சாலும் தூங்குவேனே நான். நீ ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

சொல்லிவிட்டுப் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தார்.

இடைவேளைக்கு அப்புறம் என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதுவும் போச்சு. செத்துப்போனவரிடம் சண்டைக்குப் போக முடியாது. இவரோ ஒரு தப்பும் செய்யவில்லை, கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. நல்ல மனுஷன் என்று குவாட்டர்ஸே சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருஷம் ஒரு வீடு மூச்சுக் காட்டாமல் இருக்கிறதே, பிள்ளைகள் விரல் நுனியில் நடக்கிறதே, ஏன் என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லையே அவருக்கு? எல்லா வீடும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத் தூங்கியிருக்கிறார். நான் கேட்டிருக்க வேண்டுமாம்.

மறுவாரமே பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்தார். எனக்காகவாம். காலையிலிருந்து அலறவிட்டு, பாட்டுக்கு மேலேயே பேசுவார். பேஸ் தனியாக வரும் இடத்தில் சரியாக, காபி இருக்கா என்பார். விருந்தாளிகளிடம் "எங்க பாண்ட்" என்கிறார்.

போன மாதம் அந்த பாண்ட்காரர்கள் ஊட்டியில் வாசித்தார்கள். எனக்கு மட்டும் டிக்கெட் வாங்கினேன். ராத்திரி தங்கை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. கிளம்பும்போது பார்த்தால் அவரும் ஸ்வெட்டர் போட்டுத் தயாராக நிற்கிறார்.

"நீங்க வர வேண்டாங்க" என்றேன். "இத்தன வருசம் நான் இல்லாமத்தானே நீங்க கேட்டீங்க. எனக்கும் தனியாக் கேக்கணும்."

ஸ்வெட்டரைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.