கூட்டிய வாசல்

"பிள்ளை, ஸ்நோவிலை பதிஞ்ச கால் அடையாளம் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கரையுமட்டும் நிக்கும் அக்கா."

"எப்ப கரையும்?"

"இந்தக் குளிருக்கு இண்டைக்குக் கரையாது."

"ஆம்பிளைச் சப்பாத்து எண்டு பாத்தாத் தெரியுமோ?"

"ஓம். நேற்றுச் சொன்ன கதையிலை கொலைகாரனை அப்பிடித்தானே பிடிச்சவங்கள்!"

பகிடியாகத்தான் சொன்னேன். அருமைநாயகி அக்கா சிரிக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

1991 பெப்ரவரி. மிச்சம் என்ற ஆங்கிலேயப் புறநகரில் அவருடைய வீட்டு மேலறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அக்கா கணவரை இழந்தவர். சலவைக் கடையொன்றில் துணி மடிக்கும் வேலை. மாலையில் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஆங்கிலத் துப்பறியும் கதைகளை அவருக்குத் தமிழில் சொல்வேன். முதலில் முடிவைத்தான் கேட்பார். யார் தப்பினார்கள் என்று தெரிந்த பிறகே கதையைத் தொடங்க விடுவார்.

அவருடைய தம்பி குகதாசனின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அதிகாரிகள் வந்து விசாரித்தபோது, ஜெர்மனிக்குப் போய்விட்டான் என்று அக்கா சொல்லியிருந்தார். திருப்பி அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்ற பயம். உண்மையில் குகதாசன் எங்கள் வீட்டில்தான் ஒளிந்திருந்தார்; விடியமுன் பேக்கரி வேலைக்குப் போய் மதியம் வருவார். அன்றும் போயிருந்தார். அவருடைய சப்பாத்துச் சுவடுகள் கதவடியிலிருந்து தெருவரை ஆழமாகப் பதிந்திருந்தன.

அக்கா தும்புத்தடியோடு வெளியே போனார். ஊரில் காலையில் முற்றம் கூட்டுவதுபோல், ஒரு மூலை விடாமல் கூட்டினார். சீமெந்து தெரிந்தது.

"இனி ஒருத்தராலும் கண்டுபிடிக்க ஏலாது," என்று மூச்சு வாங்கினார்.

மேலே போய் ஜன்னலால் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தெரு முழுக்க வெள்ளை. மற்ற வாசல்களில் பால்காரர், தபால்காரர் நடந்த சுவடுகள் குழம்பிக் கிடந்தன, ஒருவரும் கூட்டவில்லை. எங்கள் வாசல் மட்டும் கறுப்பாகத் துலங்கியது.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது ஒரு கார் ஊர்ந்து வந்து எங்கள் வீட்டின் முன் நின்றது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் கண்ணாடியை இறக்கி வாசலைப் பார்த்தார். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"அவங்களோ, பிள்ளை?"

"தெரியேல்லை அக்கா."

அவர்கள் இறங்கவில்லை. கார் தெருமுனைவரை போய் அங்கே நின்றது. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது. குகதாசன் வருகிற நேரம் நெருங்கியது.

"பின்பக்கத்தாலை போ பிள்ளை," என்றார் அக்கா. "பஸ் தரிப்பிலை நில். தம்பி இறங்கினவுடனை லூயிஷாமிலை சிநேகிதன்ரை வீட்டை போகச் சொல்லு. இஞ்சை வரக்கூடாது."

கோட்டை மாட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். அக்கா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார்.

"நான் பயந்துபோயிருக்கிறன் எண்டு மட்டும் அவனிட்டைச் சொல்லிப்போடாதை. சொன்னா வந்திடுவான்."