சாமி வரிசை

இங்கிலாந்தில் எனக்கு என்ன வேலை என்று ஊரிலிருந்து கேட்கிறீர்கள். காலையில் போனதும் செத்துப்போன பொறிவண்டுகளை, அதாவது புள்ளி வண்டுகளை, எண்ணுவது. கண்ணாடித் தட்டுகளில் மருந்து பட்ட வண்டுகள் கிடக்கும். லென்ஸ் வழியே பார்த்து, ஒவ்வொன்றையும் மெல்லிய தூரிகையால் தொட வேண்டும். கால் அசைந்தால் உயிர், இல்லையென்றால் சாவு. பயிரைக் கெடுக்கும் பூச்சிக்கு அடிக்கிற மருந்து, அந்தப் பூச்சியைத் தின்று நமக்கு உதவும் வண்டையும் எவ்வளவு கொல்கிறது என்று பார்க்கிற சோதனை. ஒரு தட்டில் மட்டும் மருந்து கிடையாது, வெறும் தண்ணீர். அது இல்லாவிட்டால் மற்ற தட்டுகளுக்கு அர்த்தமே இல்லை என்பார் என் மேலதிகாரி ஹெலன்.

நான் ஒரே வண்டை மூன்று நான்கு முறை தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, "உங்கள் மதத்தில் உயிரைக் கொல்வது பாவம், அல்லவா?" என்று ஒருநாள் பரிவோடு கேட்டார். கருவாட்டுக் குழம்பில்லாமல் சோறு இறங்காத கடலூர்க்காரன் நான். முதுநகர் மீன் கடையை அவருக்கு எப்படி விளக்குவது? தலையாட்டி வைத்தேன். அன்றோடு அவரிடமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த பன்றிக்கறி ஹாம் சாண்ட்விச் நின்றுபோனது. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

நான் திரும்பத் திரும்பத் தொடுவதற்கு உண்மைக் காரணம் ஒரு கத்தரித் தோட்டம். சிதம்பரத்தில் விவசாயம் படிக்கச் சேர்ந்த முதல் வருஷம், லீவுக்குத் திருவந்திபுரம் பக்கத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் தேவநாதன் மாமாவின் தோட்டத்தில் இலையெல்லாம் சல்லடை. புள்ளி போட்ட வண்டுகளைக் கண்டதும் படிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது. டி.டி.டி. தூளைத் துணியில் கட்டி உதறச் சொன்னேன். புள்ளி வண்டில் இலையைத் தின்பதும் உண்டு, பூச்சியைத் தின்பதும் உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெருமாளுக்கு நேர்ந்துவிட்ட ஒரு வரிசையை மட்டும் மாமா தொடவில்லை.

"சாமிக்குப் போற காய்ல வெசத்தப் போடலாமா மச்சான்?"

"நம்ம திங்கிற காய்ல மட்டும் போடலாமா மாமா?" என்று சிரித்தேன்.

வண்டுகள் ஒழிந்தன. சில வாரத்தில் சிவப்புச் சிலந்திப்பேன் ஏறித் தோட்டமே வெளுத்துக் காய்ந்தது. சாமி வரிசை மட்டும் பச்சையாக நின்றது. "பெருமாளு அவுரு பங்க காப்பாத்திக்கிட்டாரு," என்றார் மாமா. வேண்டுதலில் தானே ஏதோ குறை வைத்துவிட்டதாக நினைத்து மொட்டை போட்டுக்கொண்டார்.

இங்கே தண்ணீர்த் தட்டை முதலில் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. மாமா விட்டுவைத்த வரிசை அதுதான். சிலந்திப்பேனைத் தின்கிற பூச்சிகளையும் என் தூள் கொன்றுவிட்டது; அங்கே மட்டும் அவை பிழைத்திருக்கின்றன. வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷமாக அதை அவருக்கு எழுத மனம் வரவில்லை.

இந்த வருஷம் மாமாவே எழுதினார். "வண்டு மறுபடி ஜாஸ்தியாயிடுச்சி மச்சான். இந்தத் தடவ சாமி வரிசைக்கும் சேத்து அடிச்சிடலாம்னு இருக்கேன். நீ அப்பவே சிரிச்ச. நல்ல மருந்தா எழுது."

அன்றே எல்லாவற்றையும் எழுதினேன். தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது. மொட்டை நான் போட்டிருக்க வேண்டும். மினுமினுப்பான வண்டை விட்டுவிடுங்கள், மங்கலாகப் பூனைமயிர் படர்ந்ததை மட்டும் கையால் பொறுக்குங்கள். தபாலில் போட்ட பிறகு, கடிதம் முந்துமா தூள் முந்துமா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று பதில் வந்தது. "ஒன் லெட்டரு வர்றதுக்குள்ள அடிச்சிட்டேன் மச்சான். சாமி வரிசைக்கு மட்டும் கை வரல. நீ தெரியாமதான சொன்ன, விடு. அந்த வரிசைலேர்ந்து ஒண்ணு புடிச்சி வச்சிருக்கேன். நல்லதா கெட்டதான்னு பாத்து எழுது."

தாள் மடிப்புக்குள் ஒரு பொறிவண்டு காய்ந்து கிடந்தது. நல்லதுதான் மாமா.

இன்று காலை அதைத் தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தூரிகையால் தொட்டேன்.

"இது எந்தத் தட்டு வண்டு?" என்றார் ஹெலன்.

"எங்க மாமா தோட்டத்து வண்டு," என்றேன். தமிழில் சொன்னது பிறகுதான் தெரிந்தது. ஹெலன் தலையாட்டி வைத்தார். நான் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.