டிரைவர் கோளாறு

பல வருடம் கழித்து மறுபடி ஆசிரியை ஆக, என் மனைவி போடியில் ஒரு பள்ளியில் மாதிரிப் பாடம் நடத்தப் போனாள். தொழில்நுட்ப உதவிக்கு நான். பாடம் முழுவதும் பென்டிரைவில். பென்டிரைவ் என் சட்டைப் பையில். பள்ளிக் கணினியில் செருகினால், 'சாதனம் இயங்கவில்லை' என்றது. கணினியை அணைத்துப் போட்டும் அதே பதில்.

"வெரசா பாருங்க, கூப்பிடுறாங்க" என்றாள்.

"டிரைவர் கோளாறு" என்றேன், சாதனத்தை இயக்கும் மென்பொருளைச் சொல்லி, எல்லாம் படித்தவன் தோரணையில்.

அவள் பென்டிரைவைப் பிடுங்கி மோந்தாள். "டிரைவரு ஏலக்காய் ஜீப்பு ஓட்டுறவரோ? இந்த வாசம் அடிக்குது!"

முனைக்குள் ஓர் ஏல விதை. வாய் மணக்க நான் ஏலக்காய் வைத்திருக்கும் சட்டைப் பை அது. அவள் ஊக்கால் நெம்பி எடுத்ததும் பாடம் திரையில் விரிந்தது.

இப்போது எதைச் செருகும் முன்னும் முனையைப் பார்த்துவிடுகிறேன். பென்டிரைவ் மட்டும் என்னிடம் வருவதில்லை. தினமும் அவளோடு பள்ளிக்கூடம் போகிறது.