கண்ணாடிக்காரரின் இரண்டு தீவுகள்

"ஒண்ணாவது நல்லாத் தெரியுதா, ரெண்டாவதா?" என்று கேட்டபடியே ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றைச் செருகுகிறார் கண்ணாடிக்காரர். நாற்காலியில் தபால்காரர். அவர் மூக்கின் மேல் கண் சோதிக்கும் இரும்புச் சட்டம் கனக்கிறது. எதிர்ச்சுவரில், கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் எழுத்துப் பலகை.

"ரெண்டாவதுங்க."

"ரொம்ப சரி. இப்ப பலகைக்குக் கீழ பாருங்க. மலையா, ஆமையா?"

பலகைக்குக் கீழே இரண்டு வண்ணப்படங்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்றில் நடுக்கடலில் எழும்பி நிற்கும் பச்சை மலை, அதிலிருந்து விழும் அருவி. மற்றதில் வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, ஓர் ஆமை. விடுமுறைக்கு இந்த இரண்டு தீவுகளில் எதற்குப் போவது என்று கண்ணாடிக்காரர் வாரக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். தன் மண்டை போதாதென்று கடைக்கு வருகிறவர்களின் மண்டையையும் சேர்த்துக்கொண்டார்.

தபால்காரர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். "மலைன்னா ஏறணும். மணல்னா கால் புதையும். எனக்கு லீவுன்னா படுத்துக் கிடக்கணுங்க."

அதுவும் ஒரு கருத்துதான் என்று கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்தவர் கண்ணுக்கு நம்பர் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தனக்கு ஒன்று என்று வந்துவிட்டால் போதும், கையைப் பிசைய ஆரம்பித்துவிடுவார். படிக்கவும் தூரத்தைப் பார்க்கவும் சேர்த்து ஒரே கண்ணாடியாகப் போடுவதா, தனித்தனியாகப் போடுவதா என்பதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதனால் மூக்கில் ஒன்று, நெற்றிக்கு மேல் ஒன்று. எதிர்க்கடையில் அவர் தலையைப் பார்த்ததுமே கேட்காமல் ஒரு டீயும் ஒரு காபியும் போட்டு வைத்துவிடுவார்கள். பேசாமல் இரண்டையும் குடித்துவிட்டு வருவார். தெருவில் அவருக்கு 'ஒண்ணா ரெண்டா' என்று பெயர்.

அவர் கல்யாணம்கூட அந்தச் சோதனை நாற்காலியில்தான் முடிவானது. பஸ் ஓட்டும் லைசென்ஸுக்காகக் கண் பரிசோதிக்க ஒரு பெண் வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் இவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். மறுநாளும் வரச் சொன்னார். அதற்கு அடுத்த நாளும் வரச் சொன்னார். கடைசியில் அவளே சட்டத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா, இல்ல இன்னொரு லென்ஸ் போட்டுப் பாக்கணுமா?" என்று கேட்டாள். இவர் திருதிருவென்று விழித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லா முடிவும் அவளுடையதுதான். பகலெல்லாம் பஸ், மற்ற நேரமெல்லாம் குடும்பம், இரண்டையும் ஓட்டுகிறாள். போன வருடம் மட்டும் விடுமுறை விஷயத்தை இவரிடம் விட்டாள். இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டு இவர் யோசித்து முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துபோனது. சும்மா இருப்பானேன் என்று குளியலறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். அதிலும் நீலமா பச்சையா என்று தீராமல், பாதிச் சுவர் நீலமும் பாதிச் சுவர் பச்சையுமாக நிற்கிறது. வருகிற விருந்தாளிகள் காரணம் கேட்பதில்லை. அவர்களுக்கும் இவரைத் தெரியும்.

இந்த வருடம் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "வருஷம் பூரா நான்தான் திருப்புறேன், நான்தான் நிறுத்துறேன். ஒரே ஒரு விஷயம் நீங்க முடிவு பண்ணி, நான் பின்னாடி உக்காந்து வரணும்னு ஆசையா இருக்குங்க. அது தப்பா? இந்தத் தடவையும் குளியலறைதான்னா, நான் பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க பச்சைக்கு மேல நீலப் பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருங்க."

சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் அவள் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. கண்ணாடிக்காரருக்கு அது உறைத்தது. பாவம், உறைத்தால் மட்டும் முடிவு வந்துவிடுமா?

"மலையில ஏறினா முட்டி வலிக்கும்," என்பார் காலையில். "கடல்ல இறங்கினா கண்ணாடி போயிடும்," என்பார் மத்தியானம். "மலையில மேகம் இறங்கினா கண்ணாடி மங்கிடும். ஆமை இருக்கிற இடத்துல சத்தம் போடக் கூடாதாம், எனக்குத் தும்மல் வேற." தும்மலுக்கும் ஆமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வாடிக்கையாளர்களிடம் கேட்டதிலும் பலனில்லை. பாதிப் பேர் கண்ணாடி போடுவதற்கு முன் ஒரு தீவையும், போட்ட பின் இன்னொன்றையும் சொன்னார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இரண்டு படங்களையும் ஆராய்ந்துவிட்டு, யோசித்து அடுத்த மாதம் சொல்வதாகச் சொன்னார். கணக்கு வாத்தியார் மட்டும் பட்டென்று "ஆமை" என்றார். அப்பாடா என்று இவர் பெருமூச்சு விடுவதற்குள், அவர் இன்னும் படத்தைப் பார்க்கவே இல்லை, எழுத்துப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரிந்தது. இவர் உடனே அவருக்கு நம்பரைக் கூட்டிவிட்டார்.

கடைசி நாளும் வந்தது. கடை சாத்துவதற்குள் சொல்லாவிட்டால் இரண்டு தீவுக்குமே இடம் இருக்காது என்று டிக்கெட் போடும் பெண் போனில் சொல்லிவிட்டாள். பொழுது சாயும் நேரம் மனைவி வேலை உடுப்போடேயே கடைக்குள் வந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததும் நிலவரம் புரிந்துவிட்டது.

"எழுந்திரிங்க. நாற்காலியில உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் அவருடைய முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள்.

"இது ஒண்ணாவது." விரலால் தள்ளினாள். "இது ரெண்டாவது. எது நல்லாத் தெரியுது?"

"மறுபடி காட்டு."

காட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். தன் நாற்காலியில் தானே உட்கார்ந்ததில் அவருக்கு என்னவோ ஒரு தெளிவு பிறந்தது.

"ரெண்டாவதுதான். மணல் இன்னும் வெள்ளையா இருக்கு. காத்தும் நல்லா வரும் போல. சந்தேகமே இல்ல, ரெண்டாவது!"

அவள் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. டிக்கெட் பெண்ணைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, "ஆமைத்தீவும்மா, ரெண்டு பேர்" என்றாள்.

"இரு இரு! மலை எங்க? ஒண்ணாவதுலயும் ஆமைதானே இருந்தது?"

"ரெண்டும் ஒரே படம்."

"அடிப்பாவி! இது மோசடி!"

"நீங்க தினமும் செய்யறதுதான். யாராவது ரொம்பக் குழம்பினா அதே லென்ஸைக் கழுவி மறுபடி போட்டு, ரெண்டாவது எப்படின்னு கேக்க மாட்டீங்க? அவங்களும் அருமையா இருக்குன்னு சந்தோஷமா எழுந்து போறாங்களே."

கண்ணாடிக்காரருக்கு வெட்கமாகப் போனது. சிரிப்பும் வந்தது. அவள் சிரிக்கவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "ஆனா பாருங்க, இதையும் நான்தான் முடிவு பண்ணும்படி ஆயிடுச்சு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மேஜைமேல் இருந்த போன் மட்டும் பேசியது.

"போட்டாச்சு சார். ரெண்டு சீட்டும் பக்கத்துல பக்கத்துல இல்ல. ஒண்ணு ஜன்னல் ஓரம், இன்னொண்ணு நாலு வரிசை தள்ளி, ரெண்டு பேருக்கு நடுவுல. யாருக்கு எது?"

மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரர் தலையைச் சொறிந்தார். ஜன்னல் என்றால் வெயில் அடிக்குமோ, நடுவில் என்றால் புழுங்குமோ என்று அவருடைய உதடுகள் அசையத் தொடங்கின.

"சார், இருக்கீங்களா?"

அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றினார். மூக்கில் இருந்ததையும் கழற்றினார். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டார்.

"ஜன்னல் அவளுக்கு!" என்று கத்தினார். டிக்கெட் பெண் சரி சொல்லிப் போனை வைக்கும் வரை கண்ணைத் திறக்கவே இல்லை.