நான் பார்க்காத மூன்று செட்டுகள்

விளையாட்டு நிருபர் என்று சொன்னால் கோவையில் பலரும் முதலில் கேட்பது, "கிரிக்கெட் டிக்கெட் கெடைக்குமுங்களா?" என்பதுதான். எனக்குக் கிடைத்ததெல்லாம் காரமடைக் கபடிப் போட்டியில் மூக்கில் ஏறிய புழுதியும், பெரியநாயக்கன்பாளையம் கம்பெனி அணிகள் கொடுத்த தக்காளி சாதமும்தான். இருபத்தைந்து வருடமாக அதைத் தின்றே எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெளியூர்ப் பதிப்பின் பக்கத்தை மாலை ஐந்து மணிக்கே முடித்துவிடுவார்கள். அதற்குள் ஆட்டம் முடியாது. அதனால் ஜெயிக்கிற மாதிரி தெரிகிற அணியை நாங்களே ஜெயிக்க வைத்து அனுப்பிவிடுவோம். பெரும்பாலும் பலித்துவிடும். பலிக்கிறவரை அதற்கு அனுபவம் என்று பெயர்.

கிணத்துக்கடவில் மாவட்டப் பெண்கள் வாலிபால் இறுதிப் போட்டி. நகரப் பள்ளி முதல் இரண்டு செட்டையும் எடுத்திருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்றாவதில் திணறிக்கொண்டிருந்தார்கள். 'நேர் செட்களில் நகரப் பள்ளி வெற்றி' என்று போனில் தட்டிவிட்டு, பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைப் பிடித்தேன். அன்று நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை உள்ளூர் அணியின் உடற்கல்வி ஆசிரியை போன் செய்தார். பிள்ளைகள் மீதி மூன்று செட்டையும் வென்றுவிட்டார்களாம்.

"பேப்பர்ல தப்பா வந்தாக்கூடப் பரவாயில்லீங்க சார். எங்க கேப்டனோட அப்பா, ஜெயிச்சாத்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவேன்னு சொல்லியிருந்தாரு. இப்பப் பேப்பரைக் காட்டிச் சம்மதப் பாரத்துல கையெழுத்துப் போடமாட்டேங்கறாருங்க. நாளைக்குள்ள பாரத்தைக் குடுக்கோணும்."

திருத்தம் போடச் சொல்லி எடிட்டரிடம் கேட்டேன். இடமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். நானே கிளம்பிப் போனேன்.

தென்னந்தோப்புக்கு நடுவே கேப்டனின் வீடு. அப்பா எங்கள் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் கதவோரம் நின்று என்னை முறைத்தாள்.

"அவங்க வாங்கின கோப்பையைப் பார்க்கலீங்களா?" என்றேன்.

"தோத்தவங்களுக்குந்தான் கோப்பை குடுக்கறாங்களேங்க."

"போன்ல வீடியோ எடுத்திருப்பாங்களே?"

"போன்ல வாரதையெல்லாம் நம்பற ஆளு நானில்லீங்க. பேப்பர்ல வந்தா நம்புவேன்."

"அந்தப் பேப்பர்ல எழுதுனதே நான்தானுங்க. தப்பா எழுதிப்போட்டேன்."

அவர் பக்கத்தைப் புரட்டினார். "ஏனுங்க, அப்ப இந்தத் தேங்காய் வெலையும் பொய்யிங்களா?"

"அது வேற ஆளு எழுதறதுங்க."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "செரி, இவுங்க ஜெயிச்சதை நீங்க கண்ணுல பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது எனக்குப் புதிதா என்ன? ஆனால் அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாகிவிட்டது.

"இல்லீங்க. பாதியிலேயே பஸ் ஏறிப்போட்டேன்."

அவர் கழற்றிய கண்ணாடியைத் துண்டில் துடைத்தார். இருந்த ஒரு வழியையும் நானே அடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நீங்களும் பார்க்கல. நானும் தோப்புல தண்ணி பாயுதுன்னு போகல. கடைசி வரைக்கும் அங்க நின்னது இவ ஒருத்திதானுங்க. அவ சொன்னதை உட்டுப்போட்டு, நீங்க எழுதுனதைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். மகளைத் திரும்பிப் பார்த்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"அம்மணி, அந்தப் பாரத்தைக் கொண்டா. அப்படியே மூணாவது செட்டுல இருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லு கண்ணு."

நானும் நோட்டை எடுத்தேன்.